எழுத்தில் கேளுங்கள்: தனியார் நிறுவனங்களின் ஹெச்.ஆர். மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேலாளர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஒரு மெயில் வந்தது. "எங்கள் தேர்வு முறை எல்லோருக்கும் ஒன்றுதான். தொலைபேசி நேர்காணலை ஒருவருக்காக மாற்ற இயலாது. உங்கள் முயற்சிகளுக்கு வாழ்த்துகள்." மூன்றே வரி. சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது, முதல் சுற்றைப் போனில் வைக்காமல் மெயிலிலோ சாட்டிலோ நேரிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில் அது.

அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. ஏழு மாதமாக வேலை தேடுகிறேன். இதே பதிலை வேறு வேறு வார்த்தைகளில் பல இடங்களில் வாங்கியிருக்கிறேன். பல இடங்களில் பதிலே வாங்கவில்லை. ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவர்களுக்கு மட்டும் எழுதியிருப்பேன். அப்படி இல்லை என்பதால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் கேட்பது என்னவென்று புரியாது. ஊர் திருச்சி. வயது 28. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். டேலி மென்பொருளில் கணக்குப் பதிவு போடுவது, பேங்க் ரீகன்சிலியேஷன் (வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது), டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி), ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் செய்திருக்கிறேன். மாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்ததும் அதை ஒவ்வொரு கிளையண்டின் கொள்முதல் பதிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எந்த சப்ளையர் பில்லை ஏற்றவில்லை, எந்த ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, எந்த பில் இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று தேடிப் பிடித்து, 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைப் போட வேண்டும். மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாட்கள் அவைதான். கடைசி இரண்டு வருஷம் 30-க்கும் மேற்பட்ட கிளையண்ட்களின் ரிட்டர்ன் என் பொறுப்பில் இருந்தது. என்னால் தாமதக் கட்டணம் கட்டும்படி ஒன்றுகூட ஆனதில்லை. ஆடிட்டர் சாருக்கு வயதாகிவிட்டது, அலுவலகத்தை மூடினார். அதனால்தான் வெளியே வேலை தேட வேண்டி வந்தது.

நாலு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. 65 டெசிபல் இழப்பு. இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவர்களை மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஒரு வகையாகவும், 70 டெசிபல் இழப்பைத் தொட்டவர்களைக் காது கேளாதவர்கள் என்று இன்னொரு வகையாகவும் வைத்திருக்கிறது. நான் முதல் வகை. டெசிபல் கணக்கு உங்களுக்கு ஒன்றும் சொல்லாது என்பதால் வேறு மாதிரி சொல்கிறேன். நான் காதுக் கருவி மாட்டியிருந்து, நீங்கள் எதிரே உட்கார்ந்து பேசி, உங்கள் முகத்தில் வெளிச்சமும் விழுந்தால், நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்குப் புரியும். குரலில் பாதி, உதட்டில் பாதி என்று இரண்டையும் சேர்த்துக் கோத்துக்கொள்வேன். உயிரெழுத்து ஒலிகள் நன்றாகவே வரும். ச, ஸ, ஃப மாதிரி காற்றாக வெளியே வரும் ஒலிகள் வராது. உதட்டில் ப-வும் ம-வும் ஒன்றுதான். 'பணம்' என்றாலும் 'மணம்' என்றாலும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும், பேச்சின் போக்கை வைத்து எது என்று பிடிப்பேன்.

போனில் உதடு கிடையாது. அப்புறம், பழைய முறை போன் இணைப்பு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பும். ஸ-வும் ஃப-வும் தெளிவாக இருக்கிற இடமே அதற்கு மேலேதான். 'ஃபிஃப்டி', 'சிக்ஸ்டி' இரண்டும் போனில் எனக்கு ஒன்று. எனக்கு 50-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியும். அதைக் காட்ட முடியாத ஒரே இடத்தில் என்னை நிற்க வைத்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள்.

ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம் என் மேசை சுவரைப் பார்த்து இருந்தது. யாராவது பின்னால் வந்து கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். ஆடிட்டர் சார் இரண்டு நாள் கவனித்தார் போல. மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் ஆபீஸ் பையனும் சேர்ந்து மேசையை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். கம்ப்யூட்டர் ஒயர் எட்டவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்தது. ஐந்து வருஷத்தில் என் காதுக்காக அந்த அலுவலகம் செய்த மொத்தச் செலவு அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். கிளையண்ட்களின் போனை முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா எடுப்பார், கேள்வியை வாட்ஸ்அப்பில் எனக்குத் தட்டுவார், நான் பதில் எழுதுவேன். பதிலுக்கு அவருடைய டி.டி.எஸ். சலான் வேலையை நான் பார்த்துக்கொள்வேன். யாரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசியதில்லை. இதற்குச் சட்டத்தில் 'நியாயமான வசதி ஏற்பாடு' என்று ஒரு பெயர் இருக்கிறது, அது என் உரிமை என்பதெல்லாம் வேலை தேடத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது வெளியே நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தது. போன் வேண்டாம் என்று மெயிலில் இரண்டு முறை சொல்லியிருந்தேன், பதில் வரவில்லை, நேராகப் போனே வந்துவிட்டது. நல்லவேளை தம்பி வீட்டில் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கேட்பதைச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எனக்குச் சொன்னான். அவன் படித்தது மெக்கானிக்கல். கணக்கியலில் ஒரு வார்த்தை தெரியாது. முதல் கேள்வி, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும்போது டி.டி.எஸ். எவ்வளவு பிடிக்க வேண்டும்? தனிநபர் என்றால் 1 சதவீதம், கம்பெனி என்றால் 2 சதவீதம் என்றேன். அடுத்தது, 2பி-யில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கலாமா? எடுக்க முடியாது, சப்ளையர் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்றேன். மூன்றாவது கேள்வி நீளம். நடுவில் 'டெஃபர்ட்' என்று ஒரு வார்த்தை. தம்பிக்கு அது பிடிபடவில்லை, நானும் உதட்டில் படிக்கத் தடுமாறினேன். அவன் பொறுக்காமல் மெதுவாக வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சில்லை. அப்புறம், "பக்கத்துல யாரு? யாரோ சொல்லிக்கொடுக்கறாங்க போலிருக்கே." தம்பி அதையும் உதட்டில் சொன்னான். எனக்குக் காது கேட்காது, என் தம்பி கேள்வியை மட்டும்தான் திருப்பிச் சொல்கிறான் என்று விளக்கினேன். அவர் ஏதோ சொன்னார். நான் தம்பியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். அவன் உதட்டை அசைக்கவே இல்லை. போனை எடுத்து அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இன்றுவரை அவன் என்னிடம் சொல்லவில்லை.

நேரில் கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். கோவையில் ஒரு நிறுவனம் நேரில் கூப்பிட்டது. திருச்சியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், பத்தரை மணி வெயில். மூன்று முகமும் நிழலாகத் தெரிந்தன. தலைக்கு மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. காதுக் கருவி மனிதக் குரலையும் ஏ.சி. இரைச்சலையும் ஒன்றாகத்தான் பெருக்கித் தரும். நான் மேசையின் அந்தப் பக்கம் மாறி உட்காரலாமா என்று கேட்டேன். "பரவாயில்லம்மா, அங்கேயே உட்காருங்க, நாங்க சத்தமாப் பேசறோம்" என்றார் ஒருவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் சத்தமாகப் பேசினால் கருவிக்குள் சத்தம்தான் பெருகும், சொல் தெளியாது. கத்தும்போது உதடும் கோணிக்கொள்ளும்.

கணக்கு பற்றி இரண்டே கேள்வி கேட்டார்கள். மற்றதெல்லாம் வேறு. யார் கூட வந்தீங்க, ஹாஸ்டல்ல தனியா இருப்பீங்களா, கல்யாணம் ஆச்சா, வரப்போற மாப்பிள்ளைக்கு இது தெரியுமா. கடைசிக் கேள்வி எனக்கு முதலில் புரியவில்லை, அதனால் ஒரு தாளில் எழுதியே காட்டினார்கள். கணக்குக் கேள்விகளை எழுதிக் காட்டுங்கள் என்று நான் தொடக்கத்திலேயே கேட்டேன், அப்போது தாள் வரவில்லை. முடிந்து எழுந்து கதவருகே வந்து திரும்பினேன். அங்கிருந்து பார்த்தால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஒருவர் இன்னொருவரிடம் "பாவம், நல்ல பொண்ணு" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். அந்த அறையில் அன்றைக்கு நான் முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே வாக்கியம் அதுதான்.

உங்கள் விண்ணப்பப் படிவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'உடல் குறைபாடு ஏதேனும் உண்டா? ஆம், இல்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆம் என்று போட்டால் எனக்கு என்ன வேண்டும் என்று எழுத ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் அந்தக் கட்டம் எதற்கு? முதல் 14 விண்ணப்பத்தில் 'ஆம்' போட்டேன், ஒரே ஒரு அழைப்பு வந்தது. அப்புறம் அம்மா சொன்னதைக் கேட்டு 12 விண்ணப்பத்தில் 'இல்லை' போட்டேன். ஐந்து அழைப்பு வந்தது. அதே படிப்பு, அதே அனுபவம், அதே நான். பொய் சொன்னேன் என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது. அந்தப் பொய்யை என்னிடமிருந்து வாங்கியது உங்கள் கட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று இந்த ஏழு மாதத்தில் வரி வரியாகப் படித்திருக்கிறேன். வருமான வரிச் சட்டத்தையும் ஜி.எஸ்.டி. சட்டத்தையும் படித்துப் பழகியவள், இதைப் படிப்பது கஷ்டமாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பாகுபாடு என்றால் என்ன என்று அது விளக்கும்போது, நியாயமான வசதி ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சேர்த்தே சொல்கிறது. மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தன் உரிமையைப் பயன்படுத்தத் தேவைப்படுகிற, அதே சமயம் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத மாற்றம் என்பதுதான் அந்த ஏற்பாட்டுக்கு அது தரும் பொருள். போனில் கேட்கும் ஆறு கேள்வியை மெயிலில் கேட்பது எந்த நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை?

பிரிவு 20 அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று உங்கள் சட்ட ஆலோசகர் சொல்வார். சரி, அது உண்மை. வேலைவாய்ப்பில் பாகுபாடு கூடாது என்று அந்தப் பிரிவு நேரடியாகக் கட்டுவது அரசு நிறுவனங்களைத்தான். 4 சதவீத இடஒதுக்கீடும் அங்கேதான். தனியாருக்கு, 5 சதவீதம் பேரையாவது மாற்றுத்திறனாளிகளாக வைத்துக்கொள்ள ஊக்கச் சலுகை தரலாம் என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது. அது போதாது என்பது என் கருத்து. ஆனால் பிரிவு 21-ஐப் படியுங்கள். 'ஒவ்வொரு நிறுவனமும்' சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவுசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. இந்தச் சட்டத்தில் நிறுவனம் என்றால் தனியாரும் சேர்த்திதான். 2017-இல் வந்த விதிகள் இன்னும் விவரமாகப் பேசுகின்றன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் கொள்கையில், எந்தப் பணியிடங்கள் பொருத்தமானவை, ஆள் எடுக்கும் முறை என்ன, என்ன வசதிகள் கிடைக்கும், இதைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பாகுபாடு என்று புகார் வந்தால், நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் தங்கள் செயல் ஏன் நியாயமானது என்று புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறை என்றால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

நான் விண்ணப்பித்த 26 நிறுவனங்களின் இணையதளத்திலும் இந்தக் கொள்கையைத் தேடினேன். மூன்றில் இருந்தது. அந்த மூன்றில் ஒன்றில் மட்டும் தொடர்பு அலுவலரின் மெயில் முகவரி இருந்தது. எழுதினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று மெயில் திரும்பி வந்தது.

விதிகளில் இன்னொரு வரியும் இருக்கிறது. வசதி ஏற்பாட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைக்கூட மாற்றுத்திறனாளியைக் கட்டச் சொல்லி எந்த நிறுவனமும் கட்டாயப்படுத்தக் கூடாது. என் தோழி ஒருத்தி முழுக்கச் சைகை மொழியில் பேசுகிறவள், டிசைன் படித்தவள். அவளிடம் ஒரு நிறுவனம், "உங்கள் மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டி வாருங்கள், அவருக்கான கட்டணத்தையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தது. இல்லாத வேலைக்கு முன்பணம் கட்டுகிற மாதிரி, அவளும் கட்டினாள். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகை மொழிபெயர்ப்பாளரோடு உச்ச நீதிமன்றத்தின் முன் வாதாட அனுமதிக்கப்பட்டார். ஒரு சொல் மாறினால் வழக்கே மாறிவிடும் இடம் அது. அங்கே முடிந்தது, அரை மணி நேர நேர்காணலில் முடியாதா?

எனக்கு வந்த மெயிலுக்கு, 'எல்லோருக்கும் ஒன்றுதான்' என்ற வரிக்கு, இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி.-யில் சிறு வணிகருக்குக் காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனி மாதாமாதம் செய்வதை அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறு படிவத்தில் செய்கிறார். எல்லோருக்கும் ஒரே படிவம் கொடுக்காதது அநியாயம் என்று யாரும் சொல்வதில்லை. படிவம் வேறாக இருந்தாலும், எழுதும் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் விலக்கு கிடையாது. நான் கேட்பதும் அதுதான். கேள்வியை எளிதாக்காதீர்கள், மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள், தவறாகச் சொன்னால் தயவு காட்டாதீர்கள். கேள்வி என்னிடம் வந்து சேரட்டும்.

உங்கள் தேர்வு முறையில் எந்தப் பகுதி வேலைக்குத் தேவையானது, எந்தப் பகுதி வெறும் பழக்கம் என்று பிரித்துப் பாருங்கள். கால் சென்டரில் போன் எடுக்கும் வேலை என்றால் நான் விண்ணப்பிக்கவே மாட்டேன், அங்கே போனில் சோதிப்பதுதான் சரி. செவ்வாய்க்கிழமை மெயில் அனுப்பிய நிறுவனத்தின் விளம்பரத்தில் இருந்த வேலைகள் டேலி பதிவு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்கு ஒத்துப் பார்ப்பது, வெண்டர் லெட்ஜர். கடைசி வரியில் 'வெண்டர்களிடம் தொடர்ந்து கேட்டு வாங்குவது' என்று இருந்தது. அதையும் நாங்கள் மெயிலில்தான் செய்வோம். நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் காட்ட எழுத்து வேண்டும். வேலை முழுக்க எழுத்தில் நடக்கிறது, வேலைக்கான வாசல் மட்டும் போனில் இருக்கிறது.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. கையால் எழுதுவதில் சிரமம் உள்ள ஒரு யு.பி.எஸ்.சி. தேர்வர், தனக்காக எழுத ஒருவரை அனுமதிக்கக் கேட்டார். நிர்ணயித்த 40 சதவீதக் குறைபாட்டு வரம்புக்குள் அவர் வரவில்லை என்று மறுத்தார்கள். நீதிமன்றம் அவருக்கு அந்த உதவி உண்டு என்றது. ஒவ்வொருவருக்கும் என்ன தேவை என்பதை அந்த நபரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2025 மார்ச்சில், பார்வையற்றவர்கள் நீதித்துறைப் பணிக்கே வர முடியாதபடி மத்தியப் பிரதேசத்தில் இருந்த விதியை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கு தொடங்கியது, பார்வையற்ற ஒரு பிள்ளையின் தாய் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து. என் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "நீயே எழுது" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தில், தீ விபத்து மணி அடித்தால் உங்களுக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. மணியோடு சேர்ந்து மினுக்கும் விளக்கு போடலாம், பக்கத்து மேசைக்காரர் ஒருவரைப் பொறுப்பாக்கலாம். சொல்லத் தயாராக இருந்தேன், பதில் கேட்க அவர்கள் காத்திருக்கவில்லை. பேச்சை எழுத்தாக்கும் கூகுள் செயலி ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் எழுதுகிறது. தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினால் தடுமாறும், நம் அலுவலகங்களில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். அதனால்தான் நான் முதலில் கேட்பது எழுத்து. அது முடியாவிட்டால் வசனவரியோடு வீடியோ. அதுவும் முடியாவிட்டால் வெளிச்சமான அறையில், ஒரு நேரத்தில் ஒருவர் பேசும் நேர்காணல். இறங்கி வர நான் தயாராக இருக்கிறேன். போனில் மட்டும் முடியாது.

மனசில் கிடக்கிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் வரும் கம்பெனிகள், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தில் பலர் காதுக் கருவி வழங்கும் முகாம் நடத்துகிறீர்கள். டிசம்பர் 3-ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குப் படங்கள் போடுகிறீர்கள். நான் பிளஸ் டூ படிக்கும்போது பழைய கருவி பழுதாகி, இப்படி ஒரு முகாமில்தான் புதுக் கருவி கிடைத்தது. மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தக் கருவியைக் கல்லூரி முடியும்வரை மாட்டியிருந்தேன், நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் கருவி எதற்குக் கொடுத்தீர்கள்? படிக்க, வேலைக்குப் போக, சம்பாதிக்க. அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு பெண் உங்கள் ஹெச்.ஆர். பிரிவுக்கு எழுதினால், அங்கே ஏன் வேறு முகம் இருக்கிறது? முகாம் நடத்தும் பிரிவும் ஆள் எடுக்கும் பிரிவும் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

நான் கேட்பவை இவை.

விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் அந்த 'ஆம், இல்லை' கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, 'தேர்விலும் நேர்காணலிலும் உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா? என்ன?' என்று எழுத இடம் விட்டுக் கேளுங்கள். எல்லோரிடமும் கேளுங்கள். அந்தப் பதில், ஏற்பாடு செய்பவரிடம் போகட்டும். யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்பவர் அதைப் பார்க்க வேண்டாம்.

தொலைபேசி நேர்காணல் இருக்கும் ஒவ்வொரு வேலை விளம்பரத்திலும், எழுத்து வழியாகவும் இந்தச் சுற்றை முடிக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். இதை எனக்காக மட்டும் நான் கேட்கவில்லை. திக்கிப் பேசுகிறவர்களுக்கும் இது வேண்டும். அதே மாதிரி, நேரில் கூப்பிடும் இடம் மாடியில் இருந்தால் லிஃப்ட் உண்டா என்று அழைப்பிலேயே எழுதுங்கள். ஆன்லைன் தேர்வு வைத்தால், பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் அதில் ஓடுகிறதா என்று முன்கூட்டியே ஒருவரை வைத்துச் சோதியுங்கள்.

சமவாய்ப்புக் கொள்கை இல்லாதவர்கள் எழுதி, மாநில ஆணையரிடம் பதிவுசெய்து, இணையதளத்தில் போடுங்கள். கொள்கை இருப்பவர்கள் அதில் உள்ள மெயில் முகவரிக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்பி, போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்.

ஏற்பாட்டை மறுத்தால், அது உங்களுக்கு என்ன சுமை என்று காரணத்தோடு எழுத்தில் சொல்லுங்கள். 'எல்லோருக்கும் ஒன்றுதான்' என்பது காரணம் ஆகாது. ஏற்பாட்டுக்கான செலவை விண்ணப்பித்தவரின் தலையில் கட்டாதீர்கள். நேர்காணலுக்கு உட்காருகிறவர்களிடம், கல்யாணம், மாப்பிள்ளை, யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விகள் கூடாது என்று முன்பே சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, செவ்வாய்க்கிழமை எனக்கு மெயில் அனுப்பிய மேலாளர் இதைப் படித்தால், அவருக்கு. ஐயா, என் விண்ணப்பத்தை மறுபடி எடுங்கள். போனில் கேட்க வைத்திருந்த கேள்விகளை அப்படியே மெயிலில் அனுப்புங்கள், ஒரு மணி நேரம் கெடு வையுங்கள். நான் யாரிடமாவது கேட்டு எழுதுவேன் என்று சந்தேகமாக இருந்தால் தேதி சொல்லுங்கள், சென்னைக்கு வருகிறேன், உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். உங்கள் கணக்கில் ஒரு மாதத்தின் 2பி-யையும் கொள்முதல் பதிவையும் என் முன்னால் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் நான் தகுதியில்லை என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். பதிலை மெயிலில் அனுப்புங்கள். தயவுசெய்து போன் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
வேலை தேடும் ஒரு கணக்காளர்,
திருச்சி